முழங்கை மாஸ்டரைத் துரத்தியது யார்?

செயலாளர் ஐயா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். டென்னிஸ் பயிற்சியாளர் தானாகவே விலகிவிட்டார் என்று நம் கழக உறுப்பினர் எல்லோருக்கும் ஈமெயில் அனுப்பினீர்கள். அவர் விலகவில்லை. நீங்கள்தான் துரத்தினீர்கள்.

லண்டனில் உள்ள டென்னிஸ் பயிற்சியாளர்களிலேயே பெரிய கிறுக்கர் அவர்தான். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். செக் நாட்டுக்காரர். இளமையில் இரட்டையர் ஆட்டம் மட்டுமே ஆடி நாடு நாடாகச் சுற்றியவர். ஒரு கோப்பையும் வென்றிருக்கிறார். சாட்சிக்கு பர்ஸில் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருப்பார். படத்தில் அவருடைய ஜோடிக்காரர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். ஓரத்தில் ஒரு முழங்கை. "இது நான்" என்று அதைத் தொட்டுக் காட்டுவார். அத்தனை பெருமை! அதனால் எங்களுக்கு அவர் முழங்கை மாஸ்டர்.

ஜோடிக்காரரின் தோள் போனது. வேறொருவருடன் ஆட மனமில்லாமல் பயிற்சியாளரானார். எங்கெங்கோ போய்விட்டு ரெய்னர்ஸ் லேனில் ஈழத்தமிழர்களான எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார். எங்களிடமே தமிழும் பழகினார். யாரைக் கண்டாலும் "அண்ணை" என்பார், உங்கள் மனைவி உட்பட.

எங்கள் ஆட்களுக்கு டென்னிஸும் ஒரு டியூஷன்தான். "மாஸ்டர், ஹோம்வேர்க் என்ன?" என்பார்கள்.

"நித்திரை" என்பார் அவர்.

ஒரு தாய் சண்டைக்கே வந்துவிட்டார். "என்ர மகளுக்கு ஏன் டபுள்ஸ்? சிங்கிள்ஸ் எண்டால் கப் முழுசா வீட்டை வரும். இது பாதிக் கப்தானே?"

"இல்லை அண்ணை, ரெண்டு கப் குடுப்பினம்."

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஜோடியில் ஒருவர் பந்தை வலையில் அடித்தால் மற்றவர் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். "பிழை விட்டவன் ஏற்கெனவே வெக்கத்தில நிக்கிறான். நீ ஓடு" என்பார். இது என்ன அநியாயம் என்று பெற்றோர் கொதித்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். நீங்கள்தான் ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களின் பயிற்சியில் உங்களோடு ஜோடி சேர்ந்தவன் நான். காலை ஷிப்டில் பஸ் ஓட்டிவிட்டு நேரே வந்திருந்தேன். கால் வரவில்லை. மூன்று பந்தை வலையில் அடித்தேன்.

"பஸ் ஓட்டுற கையால டென்னிஸ் ஏலுமே? வேற ஆளைத் தாங்கோ மாஸ்டர்!" என்று கத்தினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

"செயலாளர் அண்ணை, ஓடுங்கோ."

"பிழை விட்டது அவன். நான் ஏன் ஓட?"

"அதுக்குத்தான் ஓடுங்கோ. மூண்டு சுத்து."

"ஏலாது! ஆரிட்டச் சொல்லுறியள் எண்டு தெரியுமே?"

மாஸ்டர் ராக்கெட்டைக் கீழே வைத்தார். "அப்ப இண்டைக்கு இவருக்கு நான்தான் ஜோடி" என்று தானே ஓடத் தொடங்கினார். அவருக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் நடந்திருந்தது. நொண்டி நொண்டி மூன்று சுற்றும் ஓடி முடித்தார். சிரித்தவர்கள் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மூச்சு வாங்க என்னிடம் வந்து, "உங்கட சேர்வ் அண்ணை. அடியுங்கோ" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து மைதானக் கேட்டைப் பூட்டும் திறப்பை அவரிடமிருந்து வாங்கிவிட்டீர்கள். காரணம் சொல்லவில்லை. அவருடைய பிளாட்டுக்குப் போய் உங்கள் ஈமெயிலை வாசித்துக் காட்டினேன்.

"நான் விலகினனாமோ? எனக்கு இப்பதான் தெரியும்" என்று சிரித்தார். "விடுங்கோ அண்ணை."

விட ஏலாது. இந்த ஊரில் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறேன். என் பிழைக்கு ஏசியவர்கள் எத்தனையோ பேர். என் பிழைக்கு ஓடியவர் அவர் ஒருவர்தான்.

வருகிற பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடியுங்கள், செயலாளர் ஐயா. அந்த மனுஷன் செய்த குற்றம் என்ன? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.