சலாமுக்குப் பதில்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மகள் றஸ்னாவுக்கு வாப்பா ஜவாத் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மகள் ஸம்றாவும் சுகம். கட்டாரில் நீயும் மருமகனும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். கடிதம் என்றதும் பதறாதே, யாரும் மௌத்தாகவில்லை. போனில் கதைக்க முடியாத விஷயம் என்பதால், நாளை அங்கே வரும் அடுத்த வீட்டு பஸாலின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மகளே, முப்பது வருடம் கிராம சேவகராக இருந்து, இன்னார் இன்னாரின் பிள்ளைதான் என்று ஊருக்கே சான்றிதழ் எழுதியவன் உன் வாப்பா. போன மாதம் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் சலாம் வந்தது. "பதில் போடாதீங்க மூத்தாப்பா" என்று ஸம்றா தலையிலடித்துக்கொண்டாள். சலாம் சொல்வது சுன்னத், பதில் சொல்வது வாஜிப், கட்டாயக் கடமை, மறுமையில் எனக்காக நீயா வந்து பதில் சொல்வாய் என்று அவளை ஏசிவிட்டு, வஅலைக்குமுஸ்ஸலாம் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹு என்று ஓர் எழுத்து விடாமல் தட்டி அனுப்பினேன். மிக மரியாதையான மனிதர். பள்ளிவாசல் விபரம் திரட்டுகிறாராம், என் போனுக்கு ஆறு இலக்கம் வருமாம், அதைச் சொல்லட்டாம். செல்லிட்டன் மகள். மறுகா என்ட வாட்ஸ்அப் எனக்கில்ல! என் பெயர், தொப்பி போட்ட என் படம், உள்ளே வேறு ஆள். அவன் பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு ஆளுக்கொரு சலாம் போட்டான். ஜவாத் ஹாஜியாரின் சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருப்பார்களா? அஸர் பாங்கு சொல்வதற்கிடையில் பதினொரு பேர் ஆறு இலக்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். தலைவர் அப்துல் ஹமீட் காக்கா என்னைக் கண்டதும், "இது மெய்யா நீங்கதானா, இல்லாட்டி மத்த ஆளா?" என்றார். சபையே சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் உட்கார்ந்து, "நான் பேயன் புள்ள, உன்ட சொல்லக் கேட்டிருக்கணும்" என்று ஸம்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். "எனக்கும் ஒரு ஆள் சலாம் போட்டிச்சு, மூத்தாப்பா. நானும் பதில் போட்டன்." றுமானா என்று பெயராம், நிந்தவூராம், இவள் வயசாம். மூன்று கிழமை கூட்டாளியாகக் கதைத்துப் படம் கேட்டிருக்கிறது. முக்காடில்லாமல் வீட்டில் நின்ற ஒரு படத்தைப் பிள்ளை அனுப்பியிருக்கிறாள். இப்போது, இன்னும் வேறு மாதிரிப் படம் அனுப்பு, இல்லாவிட்டால் இதைப் பள்ளிக்கூடக் குறூப்பில் போடுவேன் என்கிறதாம். பன்னிரண்டு வயசு, றஸ்னா! ஒரு கிழமை சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள், நான் வயிற்றில் பூச்சி என்று நினைத்துப் பூச்சிக் குளிசை கொடுத்திருக்கிறேன்.

"ஏன் புள்ள என்னட்டச் செல்லல்ல?" என்றேன். "நீங்க ஏசுவீங்க. உம்மா வந்தா என்ட போன உடைப்பா" என்றாள். நான் ஏசவில்லை. பதினொரு பேரை மாட்டிவிட்டு வந்தவன் எந்த வாயால் ஏசுவது? வந்ததில் ஒன்றையும் அழிக்காமல் இருவருமாகப் பொலிஸில் பெண்கள் பிரிவுக்குப் போனோம். "இதுல உங்கட பிழை ஒண்டுமில்ல மகள்" என்றார் அங்கிருந்த பெண் உத்தியோகத்தர். அன்றைக்குத்தான் பிள்ளை வயிறாரத் தின்றாள். படம் இதுவரை எங்கும் வரவில்லை. வந்தாலும் அவள் பக்கத்தில் நானிருப்பேன்.

என் வாட்ஸ்அப்பும் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. இப்போது வீட்டில் ஒரு சட்டம். தெரியாத நம்பரில் சலாம் வந்தால் வாயால் பதில், விரலால் கிடையாது. மௌலவியிடமும் கேட்டுவிட்டேன், கடமை நீங்குமாம். மகளே, ஏசாதே. போனைப் பறிக்காதே. உனக்கு எழுதச் சொன்னதும் அவள்தான்.

முகம் தெரியாதவர்களின் தீங்கிலிருந்து அல்லாஹ் நம் பிள்ளைகளையும் என்னைப் போன்ற கிழடுகளையும் காப்பானாக. மருமகனுக்கு என் சலாம்.

பாசமுள்ள வாப்பா,
ஜவாத்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது புது நம்பர் ஒன்றிலிருந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா, இது என்ட புது நம்பர்" என்று வந்தது. ஓஹோ, இப்ப மகளாவும் வாறானுகளா என்று வாயால் பதில் சொல்லிவிட்டு, விரலால் "வெக்கம் கெட்ட நாயே" என்று எழுதி ப்ளொக் பண்ணிட்டன். உன் புது நம்பர் தெரிந்த ஸம்றா பார்த்துவிட்டு, "அல்லாஹ்! அது உம்மா, மூத்தாப்பா!" என்கிறாள். ஏசாதே என்று உனக்கு எழுதிய அதே கைதான், மன்னித்துக்கொள். ப்ளொக்கை எடு என்றால், "உம்மா முதல்ல கடிதத்த வாசிக்கட்டும், மறுகா எடுப்பம்" என்று போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பயம் மகளே. வாசித்து முடிந்ததும் பஸாலின் போனிலிருந்து அவளுக்கு ஒரு சலாம் போடு. அது தெரிந்த நம்பர். பதிலை அவளே போடுவாள்.