அணைக்கக் கூடாத பெட்டி

"நாலு மணிக்கு எல்லா மெஷினையும் அணைச்சுடணும். ஆயுத பூஜைன்னா மெஷினுக்கும் லீவுதான்" என்று மேனேஜர் சென்னகிருஷ்ணன் சொன்னதும் கம்ப்யூட்டர் பிரிவு கௌதம் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"சார், ஆபீஸ் கம்ப்யூட்டரை மட்டும் விட்டுடலாமே?"

"ஏன், அதுக்கு மட்டும் ஓவர்டைமா?"

ஓசூரை ஒட்டிய அந்தத் தொழிற்சாலையில் யார் எப்போது வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் அது. ஒரே மாதத்தில் பத்து நாள் தாமதமாக வந்தால் தானாகவே மெமோ அடித்துவிடும். கௌதம் அதை அமைத்து மூன்று வருடம் ஆகிறது; இதுவரை ஒரு மெமோகூட அடிக்கவில்லை. ஆட்களை ஏற்றிவரும் ராயக்கோட்டை பஸ் தினமும் தக்காளி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டும் அறுநூறு பேரிடம் அப்படி ஓர் ஒழுங்கு! அதற்காகத்தான் பூஜை முடிந்ததும் தலைமை அலுவலகத்து சரஸ்வதி மேடம் கேடயம் தரப்போகிறார். கௌதமுக்குப் பதவி உயர்வும் உண்டு. இந்த மாத விவரத்தை அவர் ஒருமுறை திரையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் சிக்கல். வேகமாக ஓடட்டும் என்று கௌதம் வருகைக் கணக்கு முழுவதையும் 'கண்டெய்னர்' என்கிற மென்பொருள் டப்பா ஒன்றுக்குள், கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவில் மட்டும் வைத்திருந்தான். கரண்ட் நின்றால் அத்தனையும் சுத்தமாக அழிந்துபோய், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

"பேக்கப் எடுத்தா போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்தான். இரண்டே நிமிடம். நிம்மதியாக ஒரு டீ குடித்தான்.

டீயோடு யோசனையும் வந்தது. இனி இந்தப் பயமே வேண்டாம், வெளி டிஸ்க்கில் சேமிக்கும் புதுக் கண்டெய்னர் போட்டுவிடலாம். அதே பெயரில் பழையது இருந்ததால் அதை அழித்தான். அப்புறம் பேக்கப்பைத் தேடினான். அது பழைய கண்டெய்னருக்குள் இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வீட்டை இடித்திருந்தான்.

வாசலுக்கு ஓடினான். "மாதேஸ்வரண்ணா, கேட் ரிஜிஸ்டர் எங்க?"

"உங்க கம்ப்யூட்டர் வந்தன்னிக்கே எழுதறத நிறுத்திட்டோமுங்க சார்" என்றார் செக்யூரிட்டி மாதேஸ்வரன்.

ஐந்து மணிக்கு சரஸ்வதி மேடம் கேடயத்தோடு வந்து நின்றார். பூஜை முடிந்து மறுபடி போட்ட கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெயர்கூட இல்லை.

"என்ன கௌதம் இது?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"எல்லாம் போச்சு சார். மூணு வருஷமா ஒரு நிமிஷம்கூட அணையாம கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டேன்." கௌதமுக்கு அழுகையே வந்துவிட்டது.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் இருளாயிக்கு மனசு கேட்கவில்லை.

"அட, இதுக்கா சார் அழுவறீங்க? வாராவாரம் வெள்ளிக்கெழம அந்தப் பொட்டிய அணைச்சு, தொடச்சு, கற்பூரம் காட்டிட்டுத்தான் நான் மறுபடி போடறேன். மூணு வருஷத்துல அதுக்கு ஒண்ணும் ஆனதில்லையே!"