சபாநாயகர் ஷைமா

மகள் ஷைமா கல்யாணமாகிச் சென்னைக்குப் போனதிலிருந்து ராஜா முகமதுவுக்குப் பேச்சுத்துணை மனைவி காத்தூன் பீவி மட்டும்தான். அவளும் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதக் கிளம்பிவிட்டாள். அவர் வேலை பார்க்கும் வீரபாண்டி பனியன் கம்பெனியில் பகலெல்லாம் மிஷின் சத்தம். வீட்டுக்கு வந்தால் பக்கம் புரட்டும் சத்தம்.

அன்று சாயங்காலம் அடுப்பு மேலிருந்த பாலில் தானே டீ போட்டுத் தனியாகக் குடித்தவர், இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று எழுந்தார்.

"காத்தூன்!"

"இருங்க. 'வீடு அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது'ன்னு கதையில வருதுங்க. ஊடு எப்படீங்க கொட்டாவி விடும்?"

"விடும். தெனமும் என்னையப் பாத்து விட்டுட்டுத்தான் இருக்குது."

"அட, நல்ல உதாரணமுங்க!"

நெஞ்சைத் திறந்து காட்டினால், அவள் அதையும் பரீட்சை விடையாக்கிவிட்டாள்.

"இந்தா பாரு, இந்த ஊட்டுல நான்தான் அரசாங்கம். சாயங்காலம் புத்தகத்தத் தொடக்கூடாது. இது சட்டம்!"

"உருவகமாச் சொல்றீங்களா, நெசமாவுங்களா?"

"நெசமாத்தான்."

"அப்ப ஓட்டெடுப்பு வேணுமுங்க. ராஜாங்கறது உங்க பேருல மட்டுந்தான். மன்னராட்சி போயி ரொம்ப நாளாச்சு."

ஓட்டெடுத்தார்கள். ஆளுக்கொரு ஓட்டு. சமம்.

"சமமானா ஸ்பீக்கரு ஓட்டுத்தானுங்க முடிவு."

"நமக்கேது ஸ்பீக்கரு?"

காத்தூன் போனில் ஷைமாவைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். ராஜா முகமதுவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஷைமா அத்தா செல்லம். சின்ன வயதிலிருந்து அவர் கட்சி.

விவரத்தைக் கேட்ட ஷைமா யோசிக்கவே இல்லை. "அம்மா படிக்கட்டும் அத்தா. உங்க சட்டம் தோத்துப்போச்சு."

"அப்ப நான் யாரு?"

"எதிர்க்கட்சிங்க," என்றாள் காத்தூன். "வெளிநடப்புப் பண்றதா இருந்தா, அப்படியே ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துருங்க."

வெளிநடப்புச் செய்தார். யாரும் தடுக்கவில்லை.

பாலோடு திரும்பியவர் வாசலிலேயே நின்றார். உள்ளே ஸ்பீக்கரில் ஷைமா கேள்வி கேட்க, காத்தூன் தப்பும் தவறுமாகப் பதில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு எவ்வளவு காலமாச்சு! தன் பேச்சு வருமா என்று காத்திருந்தார். வந்தது.

"அத்தா எங்கேம்மா?"

"பாலு வாங்க அனுப்பியிருக்கறேன் கண்ணு. பிரிட்ஜு நெறையப் பாலுதான் இருக்குது. அவரு இருந்தா ஒரு பாடம் நகருமா?"