அளவோடு ஆடிய சேனானு

“முடியாது வாத்தியாரே. தலைகீழா நின்னாலும் உள்ள விட முடியாது.”

லோமே நகரின் கடற்கரைச் சாலையில், சூதாட்ட விடுதியின் வாசற்படியில் காவலாளி முன்னால் நின்றுகொண்டு சேனானு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. இரண்டு மணிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், கானாவில், அவருடைய பள்ளிக்கூடத்தில் இறுதித் தேர்வு. கேள்வித்தாள் பெட்டியின் சாவி அவர் சட்டைப்பையில். எல்லையைத் தாண்ட வேண்டிய பாஸ்போர்ட்டோ உள்ளே, காசு விழுங்கும் மெஷின் மேலே! நேரத்துக்கு வராவிட்டால் வேலை போய்விடும் என்று எச்சரித்துத்தான் தலைமையாசிரியர் விடுப்பே கொடுத்திருந்தார்.

இந்த வினையை அவரே விலைக்கு வாங்கினார். வெளிநாட்டுக்குப் போனால் அளவோடு ஆடவேண்டும் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர். காலையில் உள்ளே போகும்போதே காவலாளி யாவோவியைக் கூப்பிட்டு, “ஒரு மணி நேரந்தான் ஆடுவேன். வெளிய வந்தப்புறம் என்ன சொன்னாலும் திரும்ப விடாதே” என்றார். சொன்னதோடு விட்டாரா? தான் என்னென்ன சாக்குச் சொல்லக்கூடும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்துத் தொலைத்தார்.

“பாஸ்போர்ட்ட மறந்துட்டேன் தம்பி. சத்தியமா!”

யாவோவி தாளைப் பிரித்தான். “மூணாவது சாக்கு. ‘பாஸ்போர்ட்ட மறந்துட்டேன்னு புளுகுவேன்.’ உங்க கையெழுத்துதானே?” பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டான்.

“யோவ், இது நிஜம்யா!”

“‘இது நிஜம்னு கத்துவேன்.’ நாலாவது.” இன்னொரு டிக்.

சேனானு இரண்டாயிரம் பிராங்க் நோட்டு ஒன்றை நைசாக நீட்டினார்.

“ஆறாவது. ‘லஞ்சம் குடுப்பேன், வாங்காதே.’ அநியாயத்துக்கு யோசிச்சு எழுதியிருக்கீங்க வாத்தியாரே!”

வாசலில் இளநீர் விற்கும் அக்பேனேவுக்கு மனசு கேட்கவில்லை போலும். “மனசத் தளர விடாதீங்கண்ணே. என் துணியத் தரேன், பொம்பள மாதிரி போயிடுங்க” என்று கிசுகிசுத்தாள்.

பூப்போட்ட துணியைத் தலையோடு சுற்றிக்கொண்டு, இடுப்பை ஒரு தினுசாக ஆட்டியபடி சேனானு படியேறினார். யாவோவி மரியாதையாகக் கதவைத் திறந்தான்.

“வாங்கம்மா. மீசைய மட்டும் வெளிய விட்டுட்டுப் போங்க.”

தெருவே சிரித்தது. அவமானம் பிடுங்கித் தின்ன, சேனானு பின்பக்கம் ஓடினார். அங்கே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பாதி ஏறியிருப்பார், பேண்ட் டர்ரென்று கிழிந்தது. கிழிந்த சத்தத்துக்கே யாவோவி வந்து காலைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

“கிழிஞ்சா என்னண்ணே, என் துணியையே கட்டிக்கோங்க. தைரியமா இருங்க!” என்றாள் அக்பேனே.

பூப்போட்ட துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு தேர்வு நடத்தப் போகும் காட்சி சேனானுவின் கண்முன் வந்து நின்றது. மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். நிலைகொள்ளாமல் நாலு தடவை படியேறி இறங்கினார். பிறகு படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

“சாமி! பதினெட்டு வருஷ வேலைய்யா! புள்ளகுட்டிக்காரன்யா!” என்று வாய்விட்டு அழுதேவிட்டார்.

யாவோவி சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. தன் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

“பிடிங்க. நீங்க வெளிய வந்த கையோட, உள்ள கூட்டிப் பெருக்குற அம்மா கொண்டாந்து குடுத்துட்டாங்க.”

“அடப்பாவி! அப்ப எதுக்குடா என்னை இந்தப் பாடு படுத்தின?”

அக்பேனே இடுப்பு முடிச்சை அவிழ்த்து, யாவோவியின் கையில் ஒரு நோட்டை அறைந்தாள்.

“எல்லாம் உங்களாலதாண்ணே! பன்னிரண்டு மணி வரைக்கும் நீங்க அழமாட்டீங்கன்னு உங்க மேல ஐநூறு பிராங்க் பந்தயம் கட்டியிருந்தேன். இன்னும் அஞ்சு நிமிஷம் தாங்கியிருக்கக் கூடாதா?”