கறுக்காத திராட்சை

விவசாயிக்குப் பெண் கொடுக்க ஊரே யோசிக்கிற காலம் இது. அப்படி யோசித்துக்கொண்டே தோட்டம் வரை வந்துவிட்ட ஒரு பெண் வீட்டாரை, தலைதெறிக்க ஓட வைத்தவன் நான்.

சுருளிப்பட்டியில் எங்களுக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். எனக்கு வயது ஏறிக்கொண்டே போனது, வந்த சம்பந்தமெல்லாம் தட்டிக்கொண்டே போனது. (ஒரு வீட்டில், "பையன் தோட்டத்துலதான் இருக்கானா? அப்ப வேலைக்கு எப்பப் போவான்?" என்று கேட்டார்கள்.)

அந்த வேகத்தில்தான் அல்பரீன்யோ என்ற வெளிநாட்டுத் திராட்சையை நட்டேன். பெங்களூர்ப் பக்கம் ஒயின் தோட்டத்தில் வேலை பார்த்த நண்பன் குச்சி கொடுத்தான். ஸ்பெயினில் கடலோரக் குளிரில் விளைகிற ரகமாம். அவன் காட்டிய போட்டோவில் மழை, கல்தூண், பந்தல். அப்படியே நம்ம ஊர். கடல் மட்டும்தான் குறைச்சல். அதற்கு முல்லைப் பெரியாறு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

கொடி காய்த்த நேரம் சின்னமனூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தோட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். இதையும் விட்டால் நான் கட்டைப் பிரம்மச்சாரிதான் என்று அம்மா கண்ணைக் கசக்கினாள். சரி, வெளிநாட்டுத் திராட்சையைக் காட்டியே மயக்கிவிடுவோம் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் பக்கம் ஒரே சட்டம்தான்: கறுப்பு ஏறாமல் குலையில் கத்தரி வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு காயைக் கடித்துப் பார்த்தேன். புளிப்பு காது வரை கூசியது. அதோடு வாயில் வைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தான் சந்தேகப்பட்டார்.

"ஏலே, கடையில பச்சைத் திராட்சை விக்கிறாகள்ல? இதும் அந்தக் கணக்கா இருக்கப்போகுது."

"அது அவசரக்காரங்க காயிலயே பறிக்கிறதுண்ணே" என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். (அவ்வளவு அறிவு!)

குலைகள் பொன்னிறமாகின. குளவிகள் மொய்க்க ஆரம்பித்தன. குளவிக்குக்கூட வெளிநாட்டு மோகம் என்று பெருமைதான் பட்டேன்.

பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன் வந்தார்கள். பந்தலுக்கு அடியில் நிறுத்தி, "இன்னும் பத்து நாள்ல கறுத்துரும்" என்று ஒரு குலையைப் பிடித்து அசைத்துக் காட்டினேன். குளவிக்கூட்டம் கிளம்பியது. பெண்ணின் அப்பாவுக்குக் காதிலேயே கொட்டு. தாய்மாமன் வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். என் கல்யாணமும் அவரோடு உள்ளே போய்விட்டது. முதுகெல்லாம் கொட்டு வாங்கிக்கொண்டு, அழாத குறையாக நின்றேன்.

குளவி அடங்கியதும், பெண்ணின் அம்மா கீழே உதிர்ந்து கிடந்த பழத்தில் ஒன்றைத் துடைத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று.

"தம்பி, இது பழுத்து எம்புட்டோ நாளாச்சு. இனிப்பும் புளிப்புமா அருமையா இருக்கு. கறுக்கும்னா காத்துக் கெடந்தீக?"

"ஆமாங்கம்மா."

அவர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. காதைப் பொத்திக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினார்.

"இந்தாங்க, இந்தப் பிள்ளைக்கே முடிச்சிருவோம். நம்ம மக கோவம் தணிய எம்புட்டு நாளானாலும் இது காத்துக் கெடக்கும்."

அந்த வார்த்தைக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு மகசூலுக்கும் முதல் குலை அத்தைக்குத்தான் போகிறது. காதில் கொட்டு வாங்கிய மாமா மட்டும் இன்றுவரை அதைத் தொட்டதில்லை.

அத்தை சொன்னதும் பொய்யில்லை. என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் நாளில் நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

"என்ன, கறுக்கட்டும்னு இருக்கீகளா?"