கோடுகள் கூடும் இடத்தில் உங்கள் அக்கா

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், சமைப்பது உங்கள் அக்காவாயிற்றே. இங்கே என் நலத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை, அடிப்பிடிக்காத பாத்திரம் இனி வீட்டில் பாக்கியில்லை. இத்தனை காலம் வாடா போடா என்று பேசியவன் திடீரென்று 'அவர்கள்' போடுகிறானே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள் மச்சான். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பார்கள், பிடித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாம் என்றால், நீங்கள் எடுத்ததுமே "நான் தூங்கறேன்னு சொல்லு" என்று தூங்குகிறவளே பின்னாலிருந்து சொல்வது கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். சொன்னது அத்தனையும் உண்மைதான், ஆனால் முதலிலிருந்து சொல்லியிருக்க மாட்டாள். என்னை இந்த ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டதே அவள்தானே! பிஸ்கட் கம்பெனிக் கிடங்கில் ஆயுசு முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கவைத்து மேற்பார்வை பார்த்தவன், ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்குமா, சமையலறை டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கிவைத்தேன். உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் திண்டாடியவள், நூலக மாடியில் பெரியவர்களுக்கு வரையச் சொல்லித்தருகிறார்களாம் என்று எங்கேயோ கண்டுபிடித்து, பென்சிலையும் சீவிக் கையில் கொடுத்து அனுப்பினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அங்கே சொல்லித்தருகிற பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. வெறும் கோடாகவே போடச் சொன்னதால் நாங்கள் வைத்த பெயர் கோடு டீச்சர். கோடு முடிந்து பெட்டி வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பெட்டியா, எனக்கா? போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், இது பெட்டியா, இல்ல பெட்டியப் பிரிச்சுத் தரையில விரிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். பெட்டிக்கு எல்லாப் பக்கமும் சமம் என்பது எனக்குத் தெரியும், அதனால் சமமாகப் போட்டிருந்தேன். தெரிந்ததை மறந்துவிட்டுக் கண்ணில் படுகிறபடி போட வேண்டுமாம். தள்ளிப் போகப் போக எல்லாம் சிறுக்குமாம், நேராகப் போகிற கோடுகள் எல்லாம் நம் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் போய்க் கூடுமாம். வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே அறையை, தினமும் வரைந்து பழகச் சொன்னாள்.

பழகினேன் மச்சான், வெறி பிடித்த மாதிரி பழகினேன். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கூடம், அதைத் தாண்டி நடை, நடையின் கோடியில் சமையலறை வாசல். தரைக் கல்லின் கோடு, கூரையின் விளிம்பு, அலமாரியின் மேல்தட்டு என்று எல்லாமே அந்த வாசலைப் பார்த்துத்தான் ஓடுகின்றன, அங்கேதான் உங்கள் அக்கா நிற்பாள். கோடு சரியா என்று பார்க்க, சமையலறை நிலையில் ஓர் ஆணி அடித்து, கூடத்து மூலை ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு நூல் கட்டினேன். அவள் டீ கொண்டுவரும்போது குனிந்து குனிந்து வருவாள். "அப்படியே குனிஞ்சமேனிக்கு நில்லு, அளவு எடுத்துக்கறேன்" என்பேன். அவள் நின்ற இடம் மாறிவிடக் கூடாதென்று காலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். மாடி வீட்டுத் தையல்காரர் ஏதோ கேட்க வந்து நூலில் கழுத்து சிக்கி நின்றார், நல்ல மனுஷன், நூல் தரமான நூல், எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். அப்புறம் உருளை வடிவம் வரைகிற பயிற்சி வந்தது. வீட்டிலிருந்த தம்ளர் அத்தனையும் கூடத்தில் வரிசை கட்டின, தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் கையில் பிடித்துத் தண்ணீர் குடித்தாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்காதது படத்தைப் பார்த்தபோதுதான். டீச்சர் பாராட்டினாள் என்ற தலைகால் புரியாத சந்தோஷத்தில், வரைந்ததை எல்லாம் கொடியில் கிளிப் போட்டு மாட்டி, வந்து பார் என்று நானே கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் முன்னால் என் முழங்கால், என் செருப்பு, செருப்பு வாரில் இருக்கும் தையல்வரை போட்டிருந்தேன். அவள் முதல் படத்தில் கட்டைவிரல் உயரம் இருந்தாள். எனக்கு வரைதல் கைவர வர அவள் சிறுத்துக்கொண்டே போய், கடைசிப் படத்தில் ஒரு பொட்டும் ஒரு கோடுமாக இருந்தாள்.

"உங்க செருப்பு இவ்ளோ பெருசா இருக்கு. நான் எங்க?" என்று கேட்டாள்.

பாவி நான், பென்சில் முனையை வைத்துக் காட்டினேன். "இதோ, இதான் நீ. சரியான எடத்துல, சரியான அளவுல இருக்க."

அதோடு விட்டேனா, தூரத்தில் இருப்பது சின்னதாகத்தான் தெரியும், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, விதி அப்படி என்று விளக்கம் வேறு சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"நான் எப்பவும் அங்கயேதான் நிக்கறேன்" என்றாள். "நீங்கதான் ஒரு நாளும் எழுந்து வரல."

கத்தியிருந்தால் பரவாயில்லை, சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். தெருவில் அவள் போகப் போக, ஆமாம், அளவு சரியாகத்தான் குறைகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அப்படி நினைத்த புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

நூலை அறுத்தெறிந்தாயிற்று, ஆணியைப் பிடுங்கியாயிற்று. படங்களைத் தையல்காரர் சட்டைக்கு அளவு வெட்ட எடுத்துப்போய்விட்டார். இனி பென்சிலைத் தொட்டால் ஏன் என்று கேளுங்கள். நீங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தொழில் முறையில் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா நம்புவாள். அத்தானுக்குப் பார்வையில்தான் கோளாறு, மனசில் இல்லை என்று சொல்லி, எப்படியாவது சமாதானப்படுத்தி, நீங்களே பஸ் ஏற்றி அனுப்பிவையுங்கள். நான் அழுதேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம், ஜலதோஷம் என்று சொல்லுங்கள். அவள் இல்லாமல் முடியவில்லை மச்சான்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் அக்காவுக்கு என்ன போடுவதென்று தெரியாமல் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
காலைப் பிடித்தபடி,
அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், கை சும்மா இராமல் மறுபடியும் அதே கூடத்தை வரைந்துவிட்டேன். நூல் இல்லாமலே எல்லாக் கோடும் முதல்தடவையாகப் பிசகில்லாமல் போய்க் கூடியது. கூடிய இடத்தில் ஆள் இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை, கோடு டீச்சரிடம் எடுத்துக்கொண்டு ஓடி, ஒருவரைப் பெரிதாக வரைய என்ன பயிற்சி என்று கேட்டேன். "அதுக்குன்னு பயிற்சி எதுவும் இல்ல சார். கிட்டப் போய் உக்காரணும். அவங்களும் உக்காரச் சம்மதிக்கணும்" என்றாள். ஆகவே அவளை அனுப்ப வேண்டாம், நானே இப்போது பஸ் ஏறப் போகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்துசேரும். தபால்காரருக்குக் கதவைத் திறப்பது நானாக இருந்தால், வாங்கி அப்போதே கிழித்துவிடுவேன். திறப்பது நீங்களாக இருந்தால் அவள் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம், நான் உங்கள் வாசற்படியில்தான் உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து முதல் வரியிலிருந்து அவளுக்குக் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.