ஈரல் சில்லிட்ட சனிக்கிழமை

எங்கள் ஜப்பானில் மனசில் இருப்பதை வாய் சொல்லாது. மற்ற உறுப்புகள் சொல்லும். கோபம் வந்தால் வயிறு எழுந்து நிற்கும். பெருமை வந்தால் மூக்கு உயரும். பயந்தால் உங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். எங்களுக்கு ஈரல் சில்லிட்டுப் போகும். போன சனிக்கிழமை எனக்கு எல்லாமே ஆயிற்று.

கல்யாணமானதிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட எனக்குச் சொந்தமில்லை. மாமியார் தோட்டத்தில் களை பிடுங்கியே கழிகிறது. ஒருநாளாவது வெந்நீர் ஊற்றில் தனியாக ஊறியே தீருவேன் என்று சபதமெடுத்தேன். மனைவி மினாகோவிடம், "நகோயாவில் ஆபீஸ் பயிற்சி" என்றேன். போனது வெந்நீர் ஊற்று ஊரான ஹகோனேவுக்கு.

ஊருக்குப் போனவன் அந்த ஊர்ப் பலகாரத்தோடு திரும்பாவிட்டால் மானம் போய்விடும். எல்லா ஊர்ப் பலகாரமும் விற்கிற கடை டோக்கியோவிலேயே இருக்கிறது. ஒரு நகோயா பெட்டி வாங்கினேன். என்ன மூளை! மூக்கு நிலைப்படியில் இடிக்காத குறை.

"என்னங்க, வந்துட்டீங்களா? கழுத்து நீண்டு போச்சு, வழி பார்த்துப் பார்த்து."

"நாள் பூரா பயிற்சி. காலு கட்டையாயிடுச்சு."

"ஐயோ பாவம். மூஞ்சி ஏன் வேகவெச்ச ஆக்டோபஸ் மாதிரி செவந்திருக்கு?"

"நகோயாவுல வெயில்."

நம்பிவிட்டாள். அடுத்த வீட்டு இசோபே அக்காவுக்குப் பாதிப் பலகாரம் கொண்டுபோனாள். அக்காவுக்கு முகம் ரொம்ப அகலம். ஊரில் அவளுக்குத் தெரியாத ஆளே கிடையாது. மினாகோ திரும்பும்போது கையில் ஒரு பெட்டி. பதில் மரியாதை. மேலே பார்த்தால், ஹகோனே!

ஈரல் சில்லிட்டது.

"அக்கா... எப்பப் போனாங்க?"

"இன்னிக்குத்தான். நானும் போனேன். நீங்க போன விடுதி வரவேற்புல அக்காவோட நாத்தனார்தான் வேலை பாக்குறாங்க. உங்களைப் பாத்ததும் அக்காவுக்கு போன் வந்துச்சு. அடுத்த ரயிலைப் பிடிச்சோம்."

"வேவு பாத்தியா?" என் வயிறு எழுந்து நின்றது.

"உக்காருங்க."

வயிறும் நானும் உட்கார்ந்தோம்.

"பொம்பளைங்க குளத்துல சுகமா ஊறினோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், 'மாமியார் இல்லாத சொர்க்கமே'ன்னு ராகம் போட்டுப் பாடினாரு. அக்காவுக்குச் சிரிச்சுச் சிரிச்சு மூச்சே நின்னுடுச்சு."

"மினாகோ, உங்கம்மாகிட்ட மட்டும்..."

"சொல்லிட்டேனே! களை பிடுங்கிக்கிட்டே நீங்க பாடிக் கேக்கணுமாம். அவங்க கழுத்தும் நீண்டு கிடக்கு. காலைல கிளம்பணும், சீக்கிரம் படுங்க."

சனிக்கிழமையை மீட்கப் போனேன், ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.